பதினாறாம் குழியில் ஒடித்த குச்சி

கோல்ஃப் கிளப்பின் முன்கூடத்தில் என் புகைப்படம் மாட்டியிருக்கிறது. ஒரு பக்கம் கோப்பைகள், மறுபக்கம் செத்துப்போன தலைவர்களின் வரிசை, நடுவில் நான். படத்துக்குக் கீழே 'நேர்மை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழற்றித் தரையில் போட்டு உடைக்கலாமா என்று வரும். அன்றைக்கு நான் சொன்னது உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஏன் சொன்னேன் என்று கேட்டவள் ஒரே ஒருத்தி. அவள் இப்போது இந்த மலையில் இல்லை.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. நீலகிரியில் நடுவட்டத்திலிருந்து கோத்தகிரி வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அதே ஒப்பாரி. எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, அப்புறம் ஒரு நாள், அப்புறம் வாசலில் பூட்டு. செடிகளைக் கவ்வாத்து வெட்டக்கூட யாரும் வரவில்லை. இடுப்பு உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரம் எழும்பி மரமாகத் தொடங்கியது. பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். பன்னிரண்டு வருடம் அதை மட்டமாக வைத்திருந்தவள் நான்.

கொழுந்து எடுக்கிறவளுக்கு இரண்டு வேலை. கொழுந்தைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் கூடையில் போடுவது ஒன்று. மட்டத்துக்கு மேலே தலைதூக்கி நிற்கிற குச்சியை விடாமல் ஒடிப்பது இன்னொன்று. ஒரு குச்சியை விட்டுவிட்டு நகர்ந்தால் போதும், சூப்பர்வைசர் அந்த வரிசையின் முதல் செடியிலிருந்து திரும்ப நடக்க வைப்பான். முதல் வருடம் அழுதுகொண்டே ஒடித்தேன். அதற்குப் பிறகு கைக்கு என் தயவு தேவைப்படவில்லை. பக்கத்து வரிசையில் நின்ற சிநேகிதியோடு சண்டை போட்டுக்கொண்டே, ஊர்க்கதை பேசிக்கொண்டே, அது பாட்டுக்கு ஒடித்துப் பின்னால் வீசும்.

ஃபேக்டரி பூட்டியதும் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எல்லோரும் திருப்பூருக்குப் போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக்குப் போன் செய்து, வீட்டைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று நச்சரிப்பார். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஜன்னலே இல்லாத ஒரு அறை, குடத்தோடு தண்ணீருக்கு வரிசை, வெயிலில் மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மூன்றாம் நாளே பஸ் ஏறிவிட்டேன். செத்தாலும் அங்கே போவதில்லை என்று முடிவு செய்தேன்.

போகாமலிருக்க வேலை வேண்டும். எங்கள் எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே கோல்ஃப் மைதானம் இருந்தது. பெயர் வேண்டாம், அவர்கள் என்னை இன்னும் உள்ளே விடுகிறார்கள். நானும் சிநேகிதியும் அங்கே களை பிடுங்கப் போனோம். புல்லில் குந்தியபடியே நகர்ந்து களையெடுப்போம். ஆட்டக்காரர்கள் மட்டையால் பெயர்த்துப் போட்ட புல் கட்டியைத் தேடியெடுத்துப் பொருத்தி, மண் போட்டு மிதிப்போம். மழை மாதங்களில் வேலை கிடையாது. வேண்டாதபோது வராதே என்பார்கள்.

அந்த மைதானத்தில் வருடம் முழுக்க நிலைத்த வேலை கேடிகளுக்குத்தான். ஆட்டக்காரரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்து, காற்றும் தூரமும் சொல்கிற ஆளுக்குக் கேடி என்று பெயர். அந்தச் சொல்லை வைத்து என் வீட்டுக்காரர் போனில் செய்த கேலியே போதும், நீங்களும் செய்ய வேண்டாம். கேடி என்றால் சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளை டோக்கன் உண்டு, அதில் ஒரு எண் உண்டு. டோக்கன் உள்ளவர்களை மழை மாதத்திலும் விரட்ட முடியாது. எல்லோரும் ஆண்கள், பாதிப்பேர் ஊட்டி காந்தலிலிருந்து வருகிறவர்கள். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏ, களை" என்பார்கள்.

கேடி மாஸ்டர் கழுத்தில் விசிலோடு திரிவார். நான் நாலு தடவை டோக்கன் கேட்டேன். நாலு தடவையும் சிரித்தார். "பொம்பளை பை தூக்கினா பை நிக்கும், பொம்பளை நிக்க மாட்டா" என்றார். பனியில் முப்பது கிலோ பச்சிலையைச் சுமந்துகொண்டு ஏற்றம் ஏறியவளிடம் இதைச் சொல்கிறார்.

ஆனால் நாலு வருடம் புல்லில் குந்தியிருந்ததில் ஒரு லாபம் உண்டு. அந்த மைதானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நின்றுகொண்டு பார்க்கிறவனுக்குத் தெரியாது. மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் ஓடுகிற வழியில்தான் பந்தும் ஓடும்.

அப்போதுதான் அந்தப் போட்டி வந்தது. பெண்கள் காசுக்காக, தொழிலாக ஆடுகிற ஆட்டத்தில் அந்த வருடத்தின் பெரிய கோப்பை அது, மூன்று நாள். நாடு முழுவதிலுமிருந்து ஆட்டக்காரிகள் வந்தார்கள். கிளப் கமிட்டியில் இருந்த ஒரு அம்மாளுக்குத் திடீரென்று ஞானோதயம். பெண்கள் ஆடுகிற போட்டியில் ஒரு கேடியாவது பெண்ணாக இருக்க வேண்டாமா, பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களே என்றார். மாஸ்டர் வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு நாளு. நீ தூக்கற அம்மா கடைசியில நல்லா இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லோணும். சொன்னா டோக்கன். இல்லீன்னா மறுக்கா களைக்கொத்தைப் புடிச்சுக்கோ."

"எனக்குக் குடுத்தா அவளுக்கும் குடுப்பீங்களாங்க?" என்று சிநேகிதியைக் காட்டினேன்.

"மொதல்ல நீ வாங்கு."

சிநேகிதி அன்றே தன் வீட்டுக்காரனிடம் திருப்பூர் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாள். என் முதுகில் பை மட்டும் ஏறவில்லை, அவளும் ஏறிக்கொண்டாள்.

போட்டிக்கு முதல் நாள், சென்னையிலிருந்து வந்த ரெஃப்ரி கேடிகளுக்கெல்லாம் விதிமுறை சொன்னார். பந்து கிடக்கிற இடத்தில் உதிர்ந்த சருகை எடுக்கலாம். உயிரோடு வளர்கிற எதையும் ஒடிக்கக் கூடாது, வளைக்கக் கூடாது. குறைந்த அடியில் முடிக்கிறவர் ஜெயிக்கிற ஆட்டம் இது; கேடி ஒடித்தாலும் தண்டனை ஆட்டக்காரருக்குத்தான், அவர் கணக்கில் இரண்டு அடி கூடும். அதை மறைத்து, அடிக்கணக்கு எழுதுகிற கார்டில் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே வெளியே. பின்னாலிருந்து ஒரு கேடி, "சார், களைக்காரிகிட்டப் போயி ஒடிக்காதேங்கறீங்களே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவன் பல்லைப் பிடுங்கலாம் போலிருந்தது.

எனக்கு வாய்த்த ஆட்டக்காரி கோயம்புத்தூர்க்காரி. பெரிய மில் குடும்பம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மாஸ்டரிடம் திரும்பி, "ஏனுங்க, ஆம்பளை யாருமே இல்லீங்களா?" என்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன், காது கேட்காதவள் மாதிரி. என்னைவிட அவளுக்கு எட்டு வயது குறைவு இருக்கும். மூன்று நாளும் என்னை "ஏய்" என்றுதான் கூப்பிட்டாள்.

முதல் நாள் காலையில் பந்தைக் கழுவித் துடைக்கச் சொல்லித் தூக்கி எறிந்தாள், என் கையில் கொடுக்கவில்லை. மூன்றாம் குழியில், பந்து இடது பக்கம் இழுக்குமுங்க என்றேன். "உன்னைக் கேட்டேனா?" என்றாள். நேராகத் தட்டினாள், பந்து இடது பக்கம் போய் நின்றது. அதற்கும் என் நிழல்தான் காரணமாம். ஐந்தாம் குழியிலும் அதே கதை. ஏழாம் குழியில் அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. குழிக்கு இரண்டடி வலப்பக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். என் கண் போன இடத்தைப் பார்த்து அடித்தாள். உள்ளே விழுந்தது. நன்றி என்று ஒரு சொல் கிடையாது, துண்டை வீசினாள், முகத்தில் பட்டது.

அதற்குப் பிறகு அப்படியே நடந்தது. நான் பார்ப்பேன், அவள் அடிப்பாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் உடுத்தின வெள்ளை உடுப்பு, பாதி குடித்துவிட்டு வீசிய தண்ணீர்ப் பாட்டில், நான் நனைந்துகொண்டு நிற்கும்போது குடையைத் தன் தலைக்கு மேல் மட்டும் பிடிக்கச் சொன்ன விதம், எதுவும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் பந்தை அடிக்கும்போது மட்டும் என்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. அதற்காகவும் அவள்மேல் எரிச்சல் வந்தது. இரண்டாம் நாள் முடிவில் இரண்டாவது இடத்தில் இருந்தாள். களையெடுத்துக்கொண்டிருந்த சிநேகிதி வேலியோரம் எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்றாம் நாள் பதினைந்து குழி முடிந்தபோது நாங்கள் ஒரு அடி முன்னால் இருந்தோம். நாங்கள் என்று எழுதுகிறேன், அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். கூட ஆடியவள் பெங்களூர்க்காரி, போன வருடக் கோப்பை அவளுடையது. இன்னும் மூன்று குழி.

பதினாறாம் குழி எங்கள் எஸ்டேட்டை ஒட்டிப் போகும். வேலி எப்போதோ சாய்ந்துவிட்டது, கவ்வாத்து இல்லாத தேயிலை மைதானத்துக்குள் முட்டிக்கொண்டு வந்திருந்தது. அவள் அடித்த பந்து வலது பக்கம் ஓடி, சரியாக ஒரு செடியடியில் நின்றது. பந்தை அடிக்க வழி இருந்தது. ஆனால் செடியிலிருந்து ஒரு குச்சி நெட்டுக்குத்தலாக எழும்பி, மட்டையை ஓங்கும்போது கை போகிற இடத்தில் நின்றது. அவள் ஓங்கிப் பார்த்தாள், இடித்தது.

"சனியன் புடிச்ச குச்சி" என்றாள். நேராக அடிப்பதா, பக்கவாட்டில் தட்டி வெளியே எடுப்பதா என்று பார்க்க, குழியில் நட்ட கொடி தெரிகிற இடம்வரை முன்னால் நடந்து போனாள். பெங்களூர்க்காரியும் அவள் கேடியும் அந்தப் பக்கம் தொலைவில் நின்றார்கள். நான் பையோடு செடிக்குப் பக்கத்தில் நின்றேன்.

மூன்று குழி, டோக்கன், சிநேகிதி, மழை மாதம், இவ்வளவும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கண் முன்னால் போன ஆட்டக்காரியின் முதுகில் இருந்தது. தோளுக்குப் பின்னால் ஏதோ புல்லில் விழுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அந்தக் குச்சி கிடந்தது. என் முதுகில் கூடை இல்லை, அதனால் தரையில் விழுந்திருந்தது.

கட்டைவிரல் நகத்தில் பச்சை. சேலையில் துடைத்தேன், போகவில்லை.

அவள் திரும்பி வந்தாள். பந்துக்கு முன்னால் நின்று ஓங்கிப் பார்த்தாள். இடிக்கவில்லை. மறுபடி ஓங்கினாள். செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, "செவன் ஐயன்" என்றாள். அந்த மட்டையை உருவிக் கொடுத்தேன். பந்து போய்க் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பதினேழு, பதினெட்டு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை, அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். யாரும் பார்க்கவில்லை, பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். கடைசிப் பந்து உள்ளே விழுந்தது. ஒரு அடி வித்தியாசத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பையை இறக்கி வைத்துவிட்டு மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன்.

கார்டில் கையெழுத்துப் போட ஒரு சின்னக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே ரெஃப்ரி ஒரு மேசையோடு உட்கார்ந்திருந்தார். அவள் அங்கே போகும் வழியில் மாஸ்டர் குறுக்கே வந்து கேட்டார்.

"நம்ம பொம்பளை எப்படீங்க இருந்தா?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "சுத்த மோசமுங்க. ஆம்பளை யாராச்சும் இருந்திருந்தா நாலு அடி மிச்சமாயிருக்கும். இனிமே இந்த மாதிரி ஆளுங்களை அனுப்பாதீங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஐந்தாவது தடவை. "போ, பையைத் தொடச்சு வெச்சுட்டு நாளைக்குக் களைக்கு வந்துரு" என்றார்.

நாலு வருடம் குந்தியிருந்து படித்த தரையை மூன்று நாள் அவளுக்குக் கண்ணாலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் உள்ளே போய் மேசையில் குனிந்து பேனாவை எடுத்துவிட்டாள். நான் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சார், பதினாறாவது குழியில நான் தேயிலைக் குச்சியை ஒடிச்சுப்போட்டேனுங்க. இவங்க கைக்கு இடிச்ச குச்சி. ஒடிச்ச பொறவுதான் இவங்க அடிச்சாங்க."

பச்சை அதற்குள் கறுத்துவிட்டிருந்தது. கட்டைவிரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அவள் இல்லையென்று சாதிப்பாள், இழுத்துக்கொண்டு போய் ஒடிந்த முனையைக் காட்டலாம், ஆயிரம் குச்சிக்கு நடுவிலும் நான் ஒடித்தது எனக்குத் தெரியும் என்று காத்திருந்தேன்.

ரெஃப்ரி அவளைக் கேட்டார். "நீங்க பாத்தீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "குச்சி இருந்துச்சுங்க. திரும்பி வந்தப்ப இல்ல. தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாள். பதினாறாம் குழிக்கு நேரே இருந்த எண்ணை அடித்து, தானே இரண்டைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு அடியில் ஜெயித்தவள் ஒரு அடியில் தோற்றாள். கோப்பை பெங்களூருக்குப் போனது.

வெளியே வரும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். "இப்ப உனக்கு என்ன கெடைச்சுது?" என்றாள்.

கிடைத்தது. கேட்டால் சிரிப்பீர்கள். பத்திரிகைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் உண்மை பேசிய தேயிலைத் தொழிலாளி என்று எழுதினார்கள். கமிட்டி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு சின்ன விழா வைத்து, மாஸ்டர் கையாலேயே டோக்கனைக் குத்தவைத்தார்கள். குத்தும்போது வேண்டுமென்றே ஊசியை உடம்பில் படவைத்தார் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அப்போது எடுத்த படம்தான் முன்கூடத்தில் தொங்குகிறது.

சிநேகிதிக்கு டோக்கன் கிடைக்கவில்லை. "ஆட்டக்காரங்க யாரும் பொம்பளைக் கேடி வேண்டாங்கறாங்க. காட்டிக் குடுத்துருவாளாம்" என்றார் மாஸ்டர், மிகுந்த திருப்தியோடு. விழாவில் கை தட்டிய கமிட்டியும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்த மைதானத்தில் பெண் கேடி நான் ஒருத்திதான்.

சிநேகிதி திருப்பூருக்குக் கிளம்பிய அன்று வழியனுப்பப் போனேன். கோத்தகிரி பஸ் நிலையம். பாத்திர மூட்டை, டிரங்குப் பெட்டி, வீட்டுக்காரன், இரண்டு பிள்ளைகள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் டோக்கனோடுதான் போயிருந்தேன். கழற்றியிருக்கலாம், தோன்றவில்லை. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னைக்கு அந்தம்மா உன்னை மோசம்னு சொன்னாளே. நீ கூடாரத்துக்குள்ள போயிச் சொன்னது அதுக்கு முன்னாடியா, பொறவா?"

மேட்டுப்பாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. பன்னிரண்டு வருடம் பக்கத்து வரிசையில் நின்றவள்.

"பொறவு" என்றேன்.

"நெனச்சேன்" என்றாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோயம்புத்தூர்க்காரியை நான் மன்னிக்கவில்லை. அவளும் என்னை மன்னித்திருக்க மாட்டாள், அது நியாயம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். கேட்கிறவரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை, கேட்டதும் உள்ளதைச் சொன்னாள். நானும் சிநேகிதியிடம் அதையேதான் செய்தேன். கோயம்புத்தூர்க்காரி உண்மை சொன்னதற்குக் கோப்பையை இழந்தாள். என் உண்மைக்கு டோக்கன் கிடைத்தது, விலையைக் கொடுத்தவள் பஸ் ஏறிப் போனாள்.

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்போதுதான், யாரும் கேட்காமல், நானாகச் சொல்கிறேன்.